எவ்வளவு இருந்தால் போதும்? கம்பம், குமுளிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழுக் கணக்கு

எவ்வளவு பணம் இருந்தால் போதும் என்று நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "ஒரு கோடி இருந்தா போதும்ப்பா." இன்னொன்று, "ஓணம் பம்பர் விழுந்தா போதும்." இரண்டுக்கும் பின்னால் கணக்கு கிடையாது. பம்பரின் முதல் பரிசு 25 கோடி, டிக்கெட் 500 ரூபாய். தமிழ்நாட்டில் லாட்டரி 2003இலேயே தடையாகிவிட்டதால் கேரள எல்லையில் இருக்கும் குமுளி வரை பஸ் ஏறிப் போய் வாங்குகிறோம். அந்த 25 கோடியே விழுந்தாலும் ஏஜெண்ட் கமிஷன் 10 சதவீதம், மிச்சத்தில் வருமான வரி 30 சதவீதம், அதற்கு மேல் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி எல்லாம் போய்க் கைக்கு வருவது பாதிச் சொச்சம். சரி, அந்தப் பாதி எதற்கு, எத்தனை வருஷத்துக்கு, யாருக்கு? இதைக் கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பதிலை நோட்டும் பேனாவும் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில், எதற்குப் போதும்?

மொத்தமாக எவ்வளவு என்று யோசித்தால் தலை சுற்றும். பிரித்துக்கொள்ளுங்கள். ஆத்திர அவசரத்துக்குக் கையிருப்பு எவ்வளவு? எனக்கு ஒன்று ஆகிவிட்டால் வீட்டுக்கு எவ்வளவு? எவ்வளவு கடன் வரைக்கும் வாங்கலாம்? பிள்ளை படிப்புக்கு எவ்வளவு? வேலையை விட்டு உட்கார எவ்வளவு? ஐந்துக்கும் ஐந்து பக்கம். ஐந்துக்கும் அடிப்படை ஒன்றேதான், உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவு. வருமானத்திலிருந்து தொடங்காதீர்கள், ஏனென்றால் போதுமா என்பதை முடிவு செய்வது செலவுதான்.

செலவை எழுதுவது

மூன்று மாதம் எழுதுங்கள். பால், காய்கறி, அரிசி, கேஸ், கரண்ட், போன், பெட்ரோல், டீக்கடை, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காசு, எல்லாம். ஜிபேயில் போவது தானாகப் பதிவாகும், கையில் கொடுப்பதுதான் காணாமல் போகும், அதை மட்டும் அன்றன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உண்மையில் வீட்டைக் கடனில் தள்ளுவது மாதச் செலவு அல்ல, வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற செலவு. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், தீபாவளி, சித்திரையில் வீரபாண்டித் திருவிழா, குலதெய்வம் கும்பிடப் போய்வருவது, ஜீப் வைத்திருந்தால் இன்சூரன்ஸும் எஃப்.சி.யும், மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது, அப்புறம் மொய். இதையெல்லாம் தனிப் பட்டியலாகப் போட்டு, கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, மாதச் செலவோடு சேர்க்க வேண்டும். ஒரு வீட்டில் மாதம் 19,000 ஓடுகிறது, வருஷச் செலவு 72,000 என்றால், அந்த வீட்டின் மாதச் செலவு 19,000 இல்லை, 25,000. இந்த 25,000 ரூபாய் வீட்டையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

மொய்யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பம், உத்தமபாளையம், போடிப் பக்கம் மொய் என்பது அன்பளிப்பு என்று யாராவது சொன்னால் அவர் வெளியூர்க்காரர். காதுகுத்துக்கு வந்த மூன்று லட்சம் வட்டியில்லாத கடன், அவ்வளவுதான். எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு அதே தொகையோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பியாக வேண்டும். அதனால் மொய் வந்த அன்றைக்கு அதைச் சேமிப்பாக எழுதாமல் கடன் பக்கத்தில் எழுதுங்கள். மொய் நோட்டைப் பார்த்து, அடுத்த மூன்று நான்கு வருஷத்தில் யார் யார் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே வருஷத்துக்கு எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

எந்தப் பக்கத்து விலை?

வெளியூரில் எழுதப்படும் பணக் கணக்குகளில் இந்தக் கேள்வி இருக்காது, நமக்கு இது முக்கியம். நாட்டிலேயே கிராமக் கூலி அதிகமுள்ள மாநிலம் கேரளா என்று ரிசர்வ் வங்கி வெளியிடும் புள்ளிவிவரத்திலேயே இருக்கிறது. விடிகாலையில் ஜீப் ஏறி ஆனக்கரை, புத்தடி, வண்டன்மேடு என்று மலைக்கு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் கம்பத்துக்கு இறங்கி வருகிறவர்களின் கணக்கே இதில்தான் நிற்கிறது: கூலி அந்தப் பக்கத்து ரேட், வாடகையும் அரிசியும் இந்தப் பக்கத்து ரேட். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போக்குவரத்து சிரமமாக இருக்கிறது என்று குமுளியிலேயே வீடு பார்த்துக் குடியேறினால் வருமானம் அப்படியே இருக்கும், 25,000 அப்படியே இருக்காது. குடியேறுவதற்கு முன் ஒரு மாதச் செலவை அந்த ஊர் விலையில் ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

மருத்துவமும் இதில்தான் வரும். தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத் திட்டம்தான் உங்களுக்கு. அண்ணன் கார்டு கூடலூரில், தம்பி கார்டு வண்டிப்பெரியாரில், அம்மா இரண்டு வீட்டிலும் மாறி மாறி இருக்கிறார் என்றால் அம்மாவின் பெயர் எந்த அட்டையில் இருக்கிறது, தேனி மெடிக்கல் காலேஜா கோட்டயம் மெடிக்கல் காலேஜா என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். அது தெரிந்தால்தான் மருத்துவத்துக்கென்று தனியாக எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

வருமானத்தை மோசமான வருஷத்தில் எடுங்கள்

மாதச் சம்பளக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஏலக்காயை நம்பி இருப்பவர்கள், அதாவது தோட்டக்காரர், கூலிக்குப் போகிறவர், ஜீப் ஓட்டுகிறவர், போடியில் காய் வாங்கி விற்கிறவர் எல்லோரும் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கியில் தோட்டம் தோட்டமாகப் போனது. அடுத்த வருஷம் மழையும் தள்ளிப்போய்க் காய் குறைந்து விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு லாட், அதாவது ஒன்றாக ஏலத்துக்கு வைத்த ஒரு தொகுதிக் காய், கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த ஒரு லாட் விலையை இன்றைக்கும் டீக்கடையில் பேசுகிறார்கள். 2022இல் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே கிடந்ததைப் பேசுவதில்லை. 2019 விலையை மனதில் வைத்துக் குத்தகை பேசியவர்கள், வண்டி எடுத்தவர்கள், மாடி கட்டத் தொடங்கியவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் 2024 கோடை வறட்சியில் செடி காய்ந்தது, விலை மறுபடி ஏறியது, ஆனால் விற்க எத்தனை பேரிடம் காய் இருந்தது? விலை ஏறும் வருஷமும் காய் குறையும் வருஷமும் பல சமயம் ஒன்றே. விலையை மட்டும் பார்த்து வருமானம் போட்டால் கணக்கு தப்பும், எத்தனை கிலோ என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் வேண்டும், பறிப்புக் கூலியும் மருந்தும் உரமும் உலர்த்தும் செலவும் விலை இறங்கிய வருஷத்தில் கூடவே இறங்கித் தருவதில்லை.

அதனால் செய்ய வேண்டியது இது. கடைசி ஐந்து வருஷ வருமானத்தை, செலவு போக, எழுதுங்கள். மிக அதிகமாக வந்த வருஷத்தை அடித்துவிடுங்கள். மிகக் குறைவாக வந்த வருஷத்தை எடுத்துப் பன்னிரண்டால் வகுங்கள். உங்கள் மாத வருமானம் அதுதான். சராசரி எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கையில் பத்து மாதச் செலவு ஏற்கெனவே இருக்கிறது என்றால் சராசரி எடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். குமுளியில் மசாலாக் கடை, சிப்ஸ் கடை, லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் ஓடும் வியாபாரத்தை வைத்து ஆடி மாதத்தை மதிப்பிடக் கூடாது.

நம் உதாரண வீட்டில் மோசமான வருஷத்து மாத வருமானம் 31,000 என்று வைப்போம். அதில் மனைவியின் சம்பாத்தியம் 6,000.

கையிருப்பு

மூன்று மாதச் செலவு போதும், ஆறு மாதம் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அரசு வேலைக்கு அது சரி. எல்லை தாண்டிப் பிழைக்கிறவர்களுக்கு ஆறு போதாது என்பது என் கருத்து, காரணம் எல்லையே ஒரு ஆபத்து. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளி வழி அடைபட்டு, தோட்ட வேலைக்குப் போனவர்கள் வேலையை விட்டுவிட்டு இறங்கி வந்தார்கள். 2020 ஊரடங்கில் பாஸ் இல்லாமல் யாரும் தாண்ட முடியவில்லை. இதோடு வெள்ளம், வறட்சி, விலைச் சரிவு. அதனால் குறைந்தது பத்து மாதம். நம் வீட்டுக்கு 25,000 பெருக்கல் 10, இரண்டரை லட்சம். வீட்டில் ஒருவருக்காவது எல்லை தாண்டாத வருமானம் இருந்தால் ஆறு ஏழு மாதமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

எங்கே வைப்பது? ஒரு மாதப் பணம் சேமிப்புக் கணக்கில், மிச்சம் எஃப்.டி.யில், ஒரே எஃப்.டி.யாகப் போடாமல் நாலைந்தாகப் பிரித்து. வங்கி முழுகினாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரியிலிருந்து இந்த அளவு. இங்கே ஒரு விஷயம்: கேரளப் பக்கத்தில் "சர்வீஸ் சஹகரண பேங்க்" என்று ஊருக்கு ஊர் இருப்பவை பெரும்பாலும் தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்கள். நம் பக்கத்துத் தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் போலவே இவற்றுக்கும் இந்த 5 லட்சம் காப்பீடு பொருந்தாது. கேரள அரசு தனியாக ஒரு உத்தரவாத நிதி வைத்திருக்கிறது, ஆனாலும் வட்டி அரை சதவீதம் கூட என்பதற்காகக் கையிருப்பு முழுவதையும் அங்கே போட நான் சொல்ல மாட்டேன்.

"நகைதான் இருக்கே, அவசரம்னா வச்சுக்கலாம்" என்பார்கள். நகை இரண்டாவது வரிசையில் இருக்கட்டும். நகைக்கடன் என்பதும் கடன்தான், வேலை இல்லாத மாதத்திலும் வட்டி ஓடும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி இரண்டரை லட்சம் வரையான நகைக்கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று விதியை மாற்றி அறிவித்தது, அதற்கு முன் 75. கூடுதலாகத் தருகிறார்கள் என்பதால் உங்கள் தேவை கூடிவிடவில்லை.

நமக்கு ஒன்று ஆகிவிட்டால்

டெர்ம் இன்சூரன்ஸ், அதாவது எடுத்தவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி, எவ்வளவுக்கு எடுப்பது என்று ஏஜெண்டைக் கேட்காதீர்கள், நீங்களே போடுங்கள். மாதச் செலவு 25,000. சம்பாதிக்கிறவரின் சொந்தச் செலவு 5,000 கழித்தால் 20,000. மனைவியின் 6,000 கழித்தால் பள்ளம் 14,000. வருஷத்துக்கு 1,68,000. கடைக்குட்டி சம்பாதிக்க இன்னும் 15 வருஷம் என்றால் 25.2 லட்சம். கடன் 4 லட்சம் இருந்தால் கூட்டுங்கள், கையிருப்பு இரண்டரை லட்சத்தைக் கழியுங்கள். 26.7 லட்சம். ஆக 27 லட்சத்துக்குக் குறையாமல் பாலிசி வேண்டும். விலைவாசி ஏறும் என்கிறீர்களா? வரும் பணத்தை வங்கியில் போட்டால் கிடைக்கும் வட்டி அதை ஓரளவு ஈடுகட்டும் என்று விட்டுவிட்டேன், மனசு கேட்கவில்லை என்றால் 30 ஆக்குங்கள்.

வங்கிக் கணக்கில் வருஷம் 436 ரூபாய் பிடிக்கும் பிரதமர் ஜீவன் ஜோதி திட்டம் 2 லட்சம் தரும். கட்டாயம் போடுங்கள். ஆனால் மேலே சொன்ன 14,000 பள்ளத்தை அது 14 மாதம்தான் மூடும்.

எவ்வளவு கடன் வரை?

இ.எம்.ஐ. எவ்வளவு என்றாலும் அது மோசமான வருஷத்து மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். 31,000 வருமானம், 25,000 செலவு, மிச்சம் 6,000. எல்லாக் கடனும் சேர்ந்து 6,000க்கு மேல் போனால் அடுத்த விலைச் சரிவில் கைமாத்து, அதற்கடுத்து கந்து வட்டி.

சீட்டு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம் பக்கத்துச் சீட்டோ கேரளத்துச் சிட்டியோ, ஏலத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துத் தள்ளி எடுத்தால் கைக்கு வரும் தொகைதான் உங்கள் தொகை. 1 லட்சம் சீட்டை 30 சதவீதம் தள்ளி எடுத்தால் வருவது 70,000. ஸ்கூல் ஃபீஸுக்கு 1 லட்சம் வேண்டும் என்றால் அந்தச் சீட்டு போதாது. பதிவு செய்த சீட்டா என்றும் பாருங்கள், கே.எஸ்.எஃப்.இ. என்ற சிட்டி நிறுவனம் 1969இலிருந்து கேரள அரசே நடத்துவது, அதற்கு வெளியே எங்கே போட்டாலும் 1982 சீட்டு நிதிச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை, கோபித்துக்கொண்டால் அந்தக் கோபமே பதில்.

பிள்ளை படிப்பு

வருஷம் 6 சதவீதம் விலை ஏறினால் எந்தச் செலவும் 12 வருஷத்தில் இரட்டிக்கும். 72ஐ ஏறும் சதவீதத்தால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் இரட்டிக்கும் என்பது வந்துவிடும், இந்த ஒரு சூத்திரம் போதும். இன்றைக்கு 4 லட்சம் ஆகும் ஒரு படிப்பு, பிள்ளை ஐந்து வயதில் இருந்தால், சேரும்போது 8 லட்சம். 7 சதவீத வட்டியில் 12 வருஷத்துக்கு மாதம் சுமார் 3,560 ரூபாய் போட்டு வந்தால் அது சேரும். பெண் பிள்ளை என்றால் செல்வமகள் திட்டத்தில் வட்டி கூடுதல், அங்கே போடுங்கள். மாத மிச்சம் 6,000இல் 3,560 இதற்குப் போனால் கடனுக்கு 2,440தான் இடம், போன பகுதியில் 6,000 என்று எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போதும் இன்னொரு போதுமிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்பதை ஐந்து பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் பார்க்க முடியும்.

வேலையை விட்டு உட்கார

இணையத்தில் எங்கே பார்த்தாலும் "வருஷச் செலவைப் போல் 25 மடங்கு" என்று இருக்கும். 1994இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன், அந்நாட்டுப் பங்கு, கடன் பத்திரங்களின் பழைய விவரங்களை வைத்து, முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்து அப்புறம் விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 வருஷம் தாங்கும் என்று கணக்கிட்டதிலிருந்து வந்தது அது. அவர்கள் ஊர்ப் பங்குச் சந்தைக்கும் விலைவாசிக்கும் போட்ட கணக்கு. எஃப்.டி.யிலும் தபால் ஆபீசிலும் நிலத்திலும் பணம் வைத்திருக்கும் நமக்கு அப்படியே ஒட்டாது.

நமக்கு இன்னும் எளிதான, கொஞ்சம் பயந்த கணக்கு ஒன்று உண்டு. கிடைக்கும் வட்டியும் ஏறும் விலைவாசியும் ஒன்றுக்கொன்று சரியாகப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் தேவை, வருஷச் செலவு பெருக்கல் வாழப்போகும் வருஷம். 60 வயதில் நிறுத்தி 90 வரை என்றால் 30 மடங்கு. 25,000 செலவு என்றால் வருஷத்துக்கு 3 லட்சம், 30 மடங்கு 90 லட்சம்.

பயப்படாதீர்கள், கழிக்க வேண்டியது இருக்கிறது. பிள்ளைகள் போன பின் செலவு குறையும், அதைத் திரும்ப எழுதுங்கள். கடை வாடகை மாதம் 8,000 வருகிறது என்றால் பள்ளம் 17,000தான்; வருஷத்துக்கு 2.04 லட்சம், 30 மடங்கு 61.2 லட்சம். வாடகையை முழுதாகக் கழிக்கலாம், ஏனென்றால் அதுவும் விலைவாசியோடு ஏறும். அடல் பென்ஷன் 5,000 வருமென்றால் முழுதாகக் கழிக்காதீர்கள், அது கடைசி வரை அதே 5,000, பாதி கழியுங்கள். சீனியர் சிட்டிசன் திட்டமும் அப்படித்தான். 2023 ஏப்ரலில் உச்சவரம்பை 30 லட்சமாகவும் வட்டியை 8.2 சதவீதமாகவும் ஆக்கினார்கள், அந்த வட்டிக்கு 30 லட்சம் போட்டால் மாதம் 20,500 வரும், கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. 12 வருஷம் கழித்தும் அந்த வட்டியே நிலைத்தாலும் அதே 20,500தான், அரிசி விலைதான் இரண்டு மடங்கு. அதனால் வரும் வட்டி முழுவதையும் தின்றுவிடாமல் ஒரு பங்கைத் திரும்பப் போட வேண்டும்.

இப்போது 48 வயது, இன்னும் 12 வருஷம் இருக்கிறது என்றால் 61 லட்சம் 1.22 கோடியாகும். எட்டவில்லை என்றால் என்ன? மூன்று வழி. 60க்குப் பதில் 65இல் நிறுத்தினால் 25 மடங்கு போதும், இன்றைய விலையில் 51 லட்சம். இல்லை, 60இல் மலை ஏறுவதை நிறுத்திவிட்டு 65 வரை கீழேயே மாதம் 10,000 வருகிற வேலை பார்த்தால் 55.2 லட்சம். மூன்றாவது செலவைக் குறைப்பது: மாதம் 2,000 குறைத்தால் 7.2 லட்சம் குறையும். இந்த மூன்றையும் கலந்துதான் பெரும்பாலான வீடுகள் சமாளிக்கின்றன. தோட்டத்தை விற்பது நாலாவது வழி, ஆனால் காய் விலை இறங்கிய வருஷத்தில் தோட்ட விலையும் இறங்கும், அதனால் விற்பதாக இருந்தால் விலை ஏறியிருக்கும்போது, தேவை வருவதற்கு முன்னாலேயே.

நல்ல விலை கிடைத்த வருஷத்தில்

2019 மாதிரி ஒரு வருஷம் மறுபடி வந்தால் கூடுதலாக வரும் பணத்துக்கு வரிசை இது: கையிருப்பு பத்து மாதம் நிறையும் வரை அதில், அப்புறம் வட்டி அதிகமான கடனில் தொடங்கி அடைப்பது, அப்புறம் படிப்பு, ஓய்வுக் காலப் பக்கங்கள். இவை எல்லாம் அந்த வருஷத்துக்கு எழுதிய அளவை எட்டிவிட்டால் மிச்சத்தைச் செலவழியுங்கள். நகை வாங்குங்கள், மாடி கட்டுங்கள், காசிக்குப் போய்வாருங்கள். எண்ணை எட்டிய பிறகும் மூட்டு வலியோடு 66 வயதில் கவாத்து பார்க்கத் தோட்டம் ஏறிக்கொண்டிருக்கும் பெரியவர்களை எனக்குத் தெரியும். வேலை பிடித்திருந்து போனால் சரி, பணம் போதாது என்று நினைத்துப் போனால் அவர்கள் நோட்டை எடுத்து ஒரு தடவை உட்கார வேண்டும்.

பறிப்பு முடிந்து கணக்கு தீர்க்கும் பங்குனி, சித்திரையில் வருஷத்துக்கு ஒரு முறை ஐந்து பக்கத்தையும் திருத்துங்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வேண்டும், எஃப்.டி. எந்த வங்கியில், பாலிசி எந்த பீரோவில், சீட்டு யாரிடம், மொய் நோட்டு எங்கே என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்குகளில் இன்னும் அம்மா பெயரோ, காலமாகிவிட்ட அப்பா பெயரோதான் இருக்கும்.